ரிட்டர்னை நாமே தாக்கல் செய்ய எந்த மென்பொருள்? (ஐடிஆர்-2, நிதியாண்டு 2024-25)

நொய்யல்கரை
9 ஆகஸ்ட் 2025, காலை 7.40

ஐந்தாண்டுகளாக என் வருமான வரிக் கணக்கை வருமான வரித்துறையின் இணையதளத்திலேயே நான் தாக்கல் செய்து வருகிறேன். சம்பளமும் சேமிப்புக் கணக்கு வட்டியும் மட்டுமே இருந்ததால் ஐடிஆர்-1 என்ற எளிய படிவமே போதுமானதாக இருந்தது. அலுவலகம் தரும் படிவம் 16-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும் தொகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

சென்ற நிதியாண்டில் வீட்டுக் கூரையைப் பழுதுபார்ப்பதற்காக மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை இரண்டு முறை விற்றேன். 2024 மே மாதம் விற்றதில் 18,000 ரூபாய் குறுகிய கால ஆதாயமும், நவம்பரில் விற்றதில் 1,60,000 ரூபாய் நீண்ட கால ஆதாயமும் வந்தன. இரண்டுமே பங்கு சார்ந்த ஃபண்டுகள். சம்பளம் 9,60,000 ரூபாய், சேமிப்புக் கணக்கு வட்டி 9,000 ரூபாய். அலுவலகத்தில் புதிய வரி முறைப்படிதான் டிடிஎஸ் (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்தார்கள். இந்த ஆண்டு ஐடிஆர்-2 படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள்.

துறையின் இணையப் படிவம், துறை இலவசமாகத் தரும் ஆஃப்லைன் மென்பொருள், பணம் கட்டிப் பயன்படுத்தும் தனியார் தளம் ஆகிய மூன்றில் எனக்கு எது பொருத்தமாக இருக்கும்? வீட்டில் இருப்பது லினக்ஸ் மடிக்கணினி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரூரில் இருக்கும் 74 வயதான அப்பாவின் கணக்கையும் இந்த ஆண்டு நானே செய்யலாம் என்று எண்ணியிருக்கிறேன். அவருக்கு ஓய்வூதியமும் மூன்று வங்கிகளில் வைப்புநிதி வட்டியும் வருகின்றன. கடைசி நாள் செப்டம்பர் 15 என்று நீட்டித்திருப்பதால் அவசரமில்லை. ஆனாலும் கடைசி வாரத்தில் தளத்தோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை.

வடகரை
9 ஆகஸ்ட் 2025, காலை 8.15

மூலதன ஆதாயம் வந்துவிட்டால் மென்பொருள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயோடு தலைவலி போய்விடும்.

பேரேடு60
9 ஆகஸ்ட் 2025, காலை 10.05

வடகரை நண்பர் சொல்வது தொழில் வருமானமோ எஃப் அண்ட் ஓ (பங்குகளின் முன்பேர ஒப்பந்த) வர்த்தகமோ உள்ளவர்களுக்குப் பொருந்தும். அவர்கள் ஐடிஆர்-3 படிவத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே இலாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் கேட்பார்கள். இரண்டே இரண்டு முறை யூனிட் விற்ற சம்பளக்காரருக்கு அவ்வளவு தேவையில்லை. கருவூலக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். என் குடும்பத்தில் ஏழு பேருடைய ரிட்டர்னை ஆண்டுதோறும் நானே போடுகிறேன்.

முதலில் படிவத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் அம்மா. இந்த மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, பட்டியலிட்ட பங்குகளிலும் பங்கு சார்ந்த ஃபண்டுகளிலும் வரும் நீண்ட கால ஆதாயம் 1,25,000 ரூபாய்க்குள் இருந்தால் அதை ஐடிஆர்-1 படிவத்திலேயே காட்டலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். உங்களுடையது 1,60,000, போதாக்குறைக்குக் குறுகிய கால ஆதாயமும் இருக்கிறது. எனவே ஐடிஆர்-2 தான், ஐயமில்லை. எந்த மென்பொருளை எடுத்தாலும் இந்த முடிவை அதனிடம் விடாமல் நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும். தவறான படிவத்தில் தாக்கல் செய்தால் 139(9) பிரிவின் கீழ் ‘குறைபாடுள்ள ரிட்டர்ன்’ என்று நோட்டீஸ் வரும்.

அடுத்தது மென்பொருள். துறையின் ஆஃப்லைன் கருவி இரண்டு உருவங்களில் கிடைக்கிறது. ஒன்று, ஐடிஆர் 1 முதல் 4 வரை எல்லாவற்றுக்கும் பொதுவான மென்பொருள். அது விண்டோஸ் கணினிக்கானது. மற்றொன்று, படிவத்துக்கு ஒன்றாகத் தனித்தனி எக்செல் கோப்பு. அது முழுக்க முழுக்க மேக்ரோக்களில் (கோப்புக்குள்ளேயே எழுதிய சிறு நிரல்களில்) ஓடுவதால் மைக்ரோசாஃப்ட் எக்செல் இருந்தால்தான் வேலை செய்யும். லிப்ரே ஆபீஸில் திறந்தால் கட்டங்கள் தெரியும். ஆனால் ‘சரிபார்’ என்ற பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆகவே லினக்ஸ் கணினியில் உங்களுக்கு இந்த வழி இல்லை. அலுவலகத்திலோ அக்கம்பக்கத்திலோ ஒரு விண்டோஸ் கணினி ஒரு மாலை கிடைக்குமானால், இரவல் வாங்கியாவது அதில் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

ஏனென்றால், இணையப் படிவம் ஐடிஆர்-1 போன்ற சிறிய கணக்குக்கு அருமையானது. ஐடிஆர்-2 படிவத்தில் அட்டவணைகள் அதிகம். மூலதன ஆதாயத்துக்கு ஒன்று, பங்கு சார்ந்த நீண்ட கால ஆதாயத்துக்கான 112ஏ பிரிவுக்கு ஒன்று, நட்டத்தைச் சரிக்கட்டுவதற்கு ஒன்று, தனி விகித வருமானத்துக்கு ஒன்று என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். எக்செல் கோப்பில் ஒரு தொகையை மாற்றினால் அது வேறு எந்தத் தாளில் போய் எதை மாற்றுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இணையப் படிவத்தில் ஒவ்வொரு அட்டவணையாகத் திறந்து, உறுதிசெய்து, மூடிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது அட்டவணையில் செய்த பிழை பத்தாவது அட்டவணையில்தான் சிவப்பு எழுத்தாக எழும்.

தளத்திலிருந்து முன்நிரப்பிய விவரங்களை ஜேசன் என்ற தரவுக் கோப்பாக இறக்கி, ஆஃப்லைன் மென்பொருளுக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள். பெயர், வங்கிக் கணக்கு, சம்பளம், டிடிஎஸ் எல்லாம் வந்துவிடும். அப்படி வந்ததை மட்டும் நம்பிவிடாதீர்கள். வங்கி வட்டி எல்லாக் கிளைகளிலிருந்தும் முழுமையாக வரும் என்பதற்கு உறுதியில்லை. பாஸ்புக்கை எடுத்துவைத்துக்கொண்டு கூட்டுவதுதான் இன்றைக்கும் வழி.

மின்மினி
9 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 1.30

தனியார் தளங்களின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். கிளியர்டேக்ஸ், குவிக்கோ, டேக்ஸ்படி போன்றவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். இவற்றின் முதன்மையான வசதி இறக்குமதிதான். படிவம் 16-இன் பிடிஎஃப் கோப்பைப் போட்டால் சம்பளத்தின் கூறுகள் பிரிந்து வந்துவிடும். பங்குத் தரகரின் வரி அறிக்கையைப் போட்டால் நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகள் ஒரே நிமிடத்தில் உரிய இடங்களில் உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு முந்நூறு, நானூறு முறை வாங்கி விற்பவர் அதைக் கையால் தட்டச்சு செய்வது நடக்கிற காரியமில்லை. இணைய உலாவியிலேயே இயங்குவதால் லினக்ஸ், மேக் என்ற வேறுபாடும் இல்லை.

ஆனால் ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். தளத்தின் பெயர் வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடமிருந்த ஒரு நிறுவனத்தின் பங்குக்கு போனஸ் பங்கு கிடைத்திருந்தது. அவற்றையும் பழைய பங்குகளையும் சேர்த்து விற்றேன். இறக்குமதி செய்தபோது எந்தப் பங்கு எப்போது வாங்கியது என்ற வரிசை குழம்பி, நீண்ட கால ஆதாயத்தில் ஒரு பகுதி குறுகிய காலத்தில் போய் விழுந்துவிட்டது. திரையில் ‘உங்கள் வரி இவ்வளவு’ என்று ஒரே ஒரு தொகை மட்டும்தான் தெரிந்தது. அது எப்படி வந்தது என்று விரித்துப் பார்ப்பதற்கான கணக்கீட்டுத் தாளைப் பணம் கட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். பணத்தைக் கட்டி, தாளைப் பார்த்து, பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். பிழை வந்ததை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். கணக்கை மூடி வைத்துக்கொண்டு காசு கேட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் தளமானாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டே விஷயங்கள். தாக்கல் செய்வதற்கு முன்பே முழுக் கணக்கீட்டையும் காட்டுகிறார்களா? நிரப்பி முடித்த ஜேசன் கோப்பை என் கையில் கொடுக்கிறார்களா? கோப்பு கையில் இருந்தால் துறையின் தளத்தில் நானே ஏற்றிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு வேறு தளத்துக்குப் போவதற்கும் தடையில்லை.

வடகரை
9 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 2.10

தனியார் தளத்துக்கு நம் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டுமே, அது பாதுகாப்பா?

கணக்குப்பிள்ளை
9 ஆகஸ்ட் 2025, இரவு 9.20

திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கேள்விகள் கலந்து கிடப்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. துறையிடம் பதிவு செய்துகொண்டு பிறர் சார்பில் ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்களுக்கு இ-ரிட்டர்ன் இடையீட்டாளர், சுருக்கமாக இஆர்ஐ, என்று பெயர். இவர்களில் இரண்டாம் வகையினர் தங்கள் சொந்த இணையச் செயலியைத் துறையின் கணினியோடு நேரடியாக இணைத்து வைத்திருப்பார்கள். உங்களை வாடிக்கையாளராகச் சேர்க்கும்போது உங்கள் கைப்பேசிக்கு ஓடிபி வரும். அதை நீங்கள் இட்டால்தான் முன்நிரப்பிய விவரங்கள் அவர்களுக்குப் போகும். ஆகவே ஒரு தளமோ முகவரோ ஓடிபி இணைப்பு எதுவும் இல்லாமல், ‘உங்கள் பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்’ என்று கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

‘ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம், அதில் இத்தனை சதவீதம் எங்களுக்கு’ என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுடைய மென்பொருளில் குற்றமில்லை. அதற்குள் அவர்கள் இடும் பொய்க் கழிவுகளில்தான் இருக்கிறது. கொடுக்காத நன்கொடை, கட்டாத வாடகை, இல்லாத கல்விக் கடன் என்று போட்டுவிடுவார்கள். சென்ற மாதம் 14-ஆம் தேதி தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சுமார் 150 இடங்களில் இதற்காகவே துறை சரிபார்ப்பு நடத்தியது. இந்த ஆண்டின் படிவங்களிலும் கேள்விகளைக் கூட்டியிருக்கிறார்கள். பழைய முறையில் கழிவு கோருபவர் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், வீட்டுக் கடன் கணக்கு எண், வாடகைப் படியின் விவரங்கள் என்று அத்தனையும் தர வேண்டும். பதில் சொல்லவேண்டியவர் முகவரல்லர். யாருடைய பான் எண்ணோ அவர்தான்.

இனி, இந்த இழையின் தலைப்புக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒன்று. துறையே தரும் மென்பொருள் என்பதால் அது சொல்வதே சட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். சென்ற ஆண்டு நடந்ததை நினைவூட்டுகிறேன். 2023-24 நிதியாண்டில் புதிய முறையில் மொத்த வருமானம் 7 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு 87ஏ பிரிவின்படி 25,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. ஒருவருக்குச் சம்பளமும் வட்டியும் சேர்த்து நிகரமாக 6,20,000, பங்கு விற்ற குறுகிய கால ஆதாயம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வருமானத்துக்கு வரி 17,000. குறுகிய கால ஆதாயத்துக்கு 15 சதவீதப்படி 6,000. ஆக 23,000 ரூபாய். ஜூன் மாதத்தில் தாக்கல் செய்திருந்தால் துறையின் மென்பொருள் முழுத் தொகையையும் தள்ளுபடி செய்து வரி பூஜ்யம் என்று காட்டியிருக்கும். 2024 ஜூலை 5-ஆம் தேதி மென்பொருளை மாற்றினார்கள். தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்ற கணக்கு உள்ளே புகுந்தது. அதன் பிறகு தாக்கல் செய்தவருக்கு அதே வருமானத்துக்கு, வரியின் மேல் விதிக்கும் செஸ் சேர்த்து 6,240 ரூபாய் வரி. இடையில் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இதை எதிர்த்து வரி ஆலோசகர்களின் அமைப்பு ஒன்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி இடைக்கால உத்தரவு வந்தது. அதையொட்டித் தாமத ரிட்டர்னுக்கும் திருத்திய ரிட்டர்னுக்குமான கடைசி நாளை 2025 ஜனவரி 15 வரை நீட்டித்தார்கள். ஜனவரி 24-ஆம் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது. தள்ளுபடி உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. அதைக் கோருவதற்கே வழியில்லாமல் மென்பொருளால் கதவை அடைக்கக் கூடாது என்று சொன்னது. 2025-26 நிதியாண்டு முதல் அந்தத் தள்ளுபடி இல்லை என்று நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிவிட்டது. அது வேறு. நான் சொல்ல வருவது, துறையின் மென்பொருளானாலும் தனியார் தளமானாலும் எங்கள் அலுவலகங்களில் ஓடும் வின்மேன், கம்ப்யூடேக்ஸ், ஜீனியஸ் ஆனாலும், எல்லாமே சட்டத்தை யாரோ ஒருவர் வாசித்துப் புரிந்துகொண்ட விதம்தான் என்பதை. அதனால் மின்மினி சொன்ன கணக்கீட்டுத் தாளை நான் முதல் தகுதியாகவே வைப்பேன்.

நொய்யல்கரை அவர்களுக்கு: உங்கள் இரண்டு விற்பனைகளும் 2024 ஜூலை 23-ஆம் தேதிக்கு இருபுறமும் விழுகின்றன. அந்த நாளுக்கு முன் விற்றிருந்தால் குறுகிய கால ஆதாயத்துக்கு 15 சதவீதம், அன்றிலிருந்து 20. நீண்ட கால ஆதாயத்துக்கு முன்பு 10 சதவீதம், அன்றிலிருந்து 12.5. இந்த ஆண்டு எந்த மென்பொருளையும் சோதிப்பதற்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை. விற்ற தேதியை அது கேட்கிறதா, கேட்டு உரிய பாதியில் போடுகிறதா என்று பாருங்கள். மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் மூலதன ஆதாய அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நொய்யல்கரை
10 ஆகஸ்ட் 2025, காலை 6.55

மிக்க நன்றி. ஐயா சொன்னபடி தங்கையின் விண்டோஸ் கணினியைக் கேட்டிருக்கிறேன். ஒன்றையே நம்பாமல், துறையின் ஆஃப்லைன் மென்பொருளிலும் ஒரு தனியார் தளத்திலும் ஒரே விவரங்களை நிரப்பி, விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். தனியார் தளத்தில் தாக்கல் செய்யும் கட்டம் வரை இலவசம் என்கிறார்கள்.

அப்பாவின் கணக்கில்தான் எதிர்பாராத ஒரு முட்டுக்கட்டை. இதுவரை பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பிரவுசிங் சென்டரில் 300 ரூபாய் கொடுத்துத் தாக்கல் செய்துவந்திருக்கிறார். உள்ளே நுழைய முயன்றால், பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அவருடையவை அல்ல; கடைக்காரருடையவை. கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கிறது. துறை அனுப்பிய மடல்கள் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று எண்ணினால் வயிற்றைக் கலக்குகிறது.

பேரேடு60
10 ஆகஸ்ட் 2025, காலை 9.30

ஓய்வூதியர்களில் பலருக்கு இந்த நிலைதான் அம்மா. மென்பொருளை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம். முதலில் வீட்டுச் சாவியை வாங்குங்கள். கடவுச்சொல்லை மாற்றக் கடைக்காரரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற இடத்தில் ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓடிபி பெறும் வழி இருக்கிறது. உள்ளே போனதும் சுயவிவரப் பக்கத்தில் எண்ணையும் மின்னஞ்சலையும் அப்பாவுடையதாக, அல்லது உங்களுடையதாக, மாற்றிவிடுங்கள். பிறகு முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன்களையும் அவற்றைச் சரிபார்த்துத் துறை அனுப்பிய 143(1) அறிவிப்புகளையும் நிலுவையில் ஏதும் கோரிக்கை இருக்கிறதா என்பதையும் நிதானமாகப் பாருங்கள்.

அவருக்கு இணையப் படிவமே போதும், ஐடிஆர்-1 தான். கைப்பேசி உலாவியில்கூட முடித்துவிடலாம். ஆனால் ஏஐஎஸ் அறிக்கையை, அதாவது துறையிடம் பதிவாகியிருக்கும் அவருடைய ஆண்டு வரவு விவரங்களை, கட்டாயம் இறக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல், பான் எண்ணைச் சிறிய ஆங்கில எழுத்தில் எழுதி, அதோடு பிறந்த தேதி, மாதம், ஆண்டை எட்டு இலக்கமாகச் சேர்த்தது. பெரிய எழுத்தில் அடித்துவிட்டுக் கோப்பே கெட்டுவிட்டது என்று எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

வருமானம் எவ்வளவு என்று சொன்னால் முறையைப் பார்க்கலாம்.

நொய்யல்கரை
10 ஆகஸ்ட் 2025, காலை 11.15

ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,32,000. மூன்று வங்கிகளின் வட்டி சேர்த்து 2,64,000. சேமிப்போ காப்பீடோ இப்போது எதுவும் இல்லை.

பேரேடு60
10 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 12.40

புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 போக 3,57,000, வட்டியைச் சேர்த்தால் 6,21,000. இது 7 லட்சத்துக்குள் அடங்குவதால் தள்ளுபடி போக வரியே இல்லை. பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, மூத்த குடிமக்களுக்கான வட்டிக் கழிவு 50,000 இரண்டும் போக 5,96,000. 3 லட்சம் வரை வரியில்லை என்று எடுத்துக்கொண்டாலும் செஸ்ஸுடன் 30,368 ரூபாய் வருகிறது.

இந்த இடத்தில்தான் படிவத்தின் ஒரு கேள்வி ஆளைக் கவிழ்க்கும். ‘புதிய வரி முறையிலிருந்து விலக விரும்புகிறீர்களா?’ என்று கேட்கும். புதிய முறை வேண்டும் என்பவர் அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவார். அழுத்திய கணத்தில் பழைய முறைக்குப் போய்விடுவார். உங்கள் அப்பாவுக்கு ‘இல்லை’ என்பதே விடை. அந்த ஓர் அழுத்தத்தின் விலை முப்பதாயிரம் ரூபாய்.

75 வயதானால் ரிட்டர்னே வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வருபவர்களுக்கு மட்டும், அந்த வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடிக்கும் ஏற்பாடு. மூன்று வங்கிகளில் பணத்தைப் பிரித்து வைத்திருக்கும் வரை உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது.

நொய்யல்கரை
17 ஆகஸ்ட் 2025, மாலை 5.50

ஒரு வாரம் கழித்து வருகிறேன். தங்கை வீட்டில் நேற்று முழுப் பிற்பகலும் இதற்கே போய்விட்டது. விடைகள் ஒத்துப்போகவில்லை.

துறையின் மென்பொருளில் கழிவுகள் எல்லாம் போக, செஸ் சேர்த்து மொத்த வரி 48,334 ரூபாய். தனியார் தளத்தில் 49,270. வித்தியாசம் 936 ரூபாய். சம்பளம், வட்டி, நீண்ட கால ஆதாயம் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் விளங்கியது. தனியார் தளத்தில் நான் ஏற்றியது ஆண்டுக்கான சுருக்க அறிக்கை. அதில் ஒவ்வொரு விற்பனையின் தேதியும் இல்லை. தேதி தெரியாததால் அந்தத் தளம் மே மாதத்து 18,000 ரூபாயையும் ஜூலை 23-க்குப் பிந்தைய பாதியில் போட்டு 20 சதவீதம் கணக்கிட்டிருக்கிறது. 2,700 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 3,600. கூடுதலான 900 ரூபாயும் அதற்கு 4 சதவீதச் செஸ் 36 ரூபாயும் சேர்ந்து 936. பரிவர்த்தனை வாரியான அறிக்கையை ஏற்றியதும் இரண்டும் 48,334 என்றே காட்டின. எச்சரிக்கை எதுவும் தராமல் தானாக ஒரு தேதியை எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

ஆஃப்லைன் மென்பொருளிலும் ஓர் இடத்தில் அரை மணி நேரம் சிக்கிக்கொண்டேன். மூலதன ஆதாய அட்டவணையின் அடியில், ஆதாயம் எந்தெந்தக் காலப்பகுதியில் வந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமனே விட்டுவிட்டதால் சரிபார்ப்பில் பிழை காட்டிக்கொண்டே இருந்தது.

கணக்குப்பிள்ளை
17 ஆகஸ்ட் 2025, இரவு 8.30

பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்தக் கட்டம், ஆண்டு முடியும் முன்பே தவணைகளாகக் கட்ட வேண்டிய முன்வரியின் வட்டிக்கானது. ஜூன் 15 வரை, செப்டம்பர் 15 வரை, டிசம்பர் 15 வரை, மார்ச் 15 வரை, மார்ச் 31 வரை என்று ஐந்து பகுதிகள். மே மாத ஆதாயத்தை முதல் பகுதியிலும் நவம்பர் ஆதாயத்தை மூன்றாவதிலும் இட வேண்டும். இவற்றின் கூட்டுத்தொகை மேலே உள்ள ஆதாயத்தோடு பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு நகராது. 234சி பிரிவின் வட்டியைக் கணக்கிடும்போது, நவம்பரில் வந்த ஆதாயத்துக்கு ஜூன் மாதமே ஏன் வரி கட்டவில்லை என்று கேட்காமல் இருப்பதற்காகத்தான் இந்தப் பிரிப்பு. ஆகவே சலித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே பகுதியில் கொட்டிவிடாதீர்கள்.

மேலும் ஒன்று. தாக்கல் செய்யப் போகும் நாளில் ஆஃப்லைன் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பருவத்தின் நடுவே பலமுறை மாற்றுவார்கள். பழைய பதிப்பில் உருவாக்கிய ஜேசன் கோப்பைத் தளம் சில நேரங்களில் ஏற்காது. தரவு போய்விடாது, புதிய பதிப்பில் இறக்குமதி செய்துகொண்டு மீண்டும் சரிபார்த்தால் போதும்.

மின்மினி
17 ஆகஸ்ட் 2025, இரவு 9.05

அப்படியானால் எதில் தாக்கல் செய்தீர்கள்?

நொய்யல்கரை
18 ஆகஸ்ட் 2025, காலை 7.10

துறையின் ஆஃப்லைன் மென்பொருளில்தான். விற்பனைகள் இரண்டே என்பதால் இறக்குமதி வசதிக்காகப் பணம் கொடுக்க எனக்குக் காரணமில்லை. உங்களைப் போல முந்நூறு பரிவர்த்தனைகள் இருந்திருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பேன், பரிவர்த்தனை வாரி அறிக்கையோடு. இன்று காலை ஆதார் ஓடிபி மூலம் மின் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது. ஜேசன் கோப்பையும் கணக்கீட்டையும் ஒப்புகைச் சீட்டையும் ஒரே உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

அப்பாவின் கணக்கைத் திறந்துவிட்டேன். சென்ற ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் ஆகியிருக்கிறது, ஆனால் மின் சரிபார்ப்பு செய்யப்படவே இல்லை. அதற்கு இப்போது என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை
18 ஆகஸ்ட் 2025, காலை 8.00

தாக்கல் செய்த பிறகு சரிபார்க்கப்படாத ரிட்டர்ன் செல்லாது. 30 நாட்கள் கடந்து சரிபார்த்தால், சரிபார்க்கும் நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். ஆண்டு கடந்துவிட்டதால், காலதாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் விண்ணப்பத்தைத் தளத்தின் சேவைகள் பகுதியிலேயே போடலாம். அதற்கு முன் அந்த ஆண்டில் டிடிஎஸ் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால் விண்ணப்பத்தில் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். அப்பாவின் ஆதாரோடு இணைந்த எண் எந்தக் கைப்பேசியில் இருக்கிறது?

நொய்யல்கரை
18 ஆகஸ்ட் 2025, காலை 8.25

அவருடைய பழைய பொத்தான் கைப்பேசியில். சனிக்கிழமை கரூருக்குப் போகிறேன். அதை இன்றே சார்ஜில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.